பாபநாசத்துத் தண்ணீர்

ஐந்தரைக்குப் பாபநாசம் படித்துறையில்
பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்.
இறக்கம். அம்பாசமுத்திரம் வரை
சைக்கிளும் ஆறும் சும்மாதான் போயின.

கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில்
வலப்பக்கத்து ஆறு இடப்பக்கமானது,
பிறகு வாழைக்குள் போய்விட்டது.
ஒரு மணி நேரம் ஈர வாசம் மட்டும்.

சீவலப்பேரிக்கு முன்னால் கருவேல முள்.
மூக்காண்டி கடையில் சட்டி காய்ந்து கிடந்தது,
கரண்ட் இல்லை.
“அந்த பாட்டிலக் கொடுங்க.
எங்கருந்து வாரிய?”
“பாபநாசம்.”
“ஏன், பஸ் ஓடலியா?”
டியூபை அமுக்கினார்.
மலைத் தண்ணீரில் ஒரு குமிழ்,
இன்னொன்று.
“இந்தா இருக்கு” என்று
பெருவிரலால் பொத்திக்கொண்டார்.
மீதியை வாசல் புழுதியில் கொட்டினார்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு
பாதிக்கு மேல் வாய்க்காலில் இறங்கிவிட்டது.
ஏரலில் மணல், நாணல், ஓர் எருமையின் முதுகு.
அப்புறம் எதிர்க்காற்று.
திட்டாமல் மிதித்தது நாலு கிலோமீட்டர் இருக்கும்.

புன்னைக்காயலில் வலை பிரித்துக்கொண்டிருந்த
சந்தனமேரியிடம் கேட்டேன்,
ஆறு எங்கே முடிகிறது?
“அடிச்சா கடலு, அடிக்காட்டி ஆறு.”
நிமிரக்கூட இல்லை.
தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கடைசி பஸ்ஸில் கண்டக்டர்
சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
வெறும் பாட்டில்
காலடியில் உருண்டுகொண்டே வந்தது,
இறக்கம் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம்.