மனமொத்த மாறுதல்

காசிமேட்டுக் கடலைக் கொஞ்சம்
பவண்டோ பாட்டிலில் பிடித்துவந்தான் தேசப்பன்.
டீசல் வாசனை. ஒரு செதில்.
வடிதாளில் இருமுறை வடித்தேன்.
பள்ளியில் உப்பு இல்லாமல் இல்லை;
டப்பாவில் இருப்பதுதான்
இரண்டு தெரு தள்ளி அலையடிக்கிறது என்று
பிள்ளைகள் பார்க்கட்டுமே.

சில்வர் நைட்ரேட் மிஞ்சியது ஒன்பது மில்லி.
பழுப்பு பாட்டில், துருவேறிய பீரோ, சாவி என்னிடம்.
ஐந்து துளி விட்டேன்.
பால் தயிராக ஓர் இரவு வேண்டும்,
இதற்கு இமைக்கும் நேரமும் வேண்டாம்.
வெள்ளி தன் நைட்ரேட்டை விட்டது
சோடியத்தை விட்டது குளோரைடு
விட்டவை இரண்டும் கைகோத்து
வெள்ளை வெளேரென்று அடியில் போய் அமர்ந்தன.
குலுக்கினேன்.
எழுந்தது, கரையவில்லை.
இனி பிரியாது, எழுதிக்கோங்க, என்றேன்.

"மிச்சம் ரெண்டும் இன்னா பண்ணும் டீச்சர்?"

"சும்மா இருக்கும்டா, தண்ணியில."

"அப்ப ஏன் ஒண்ணா எழுதிகிறீங்க?"

கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
சோடியம், பக்கத்தில் நைட்ரேட்,
நடுவில் இடைவெளிகூட இல்லை.
அது ஒரு மரியாதைக்கு எழுதுவது.
தண்ணீருக்குள் அவை
ஒன்றையொன்று தேடுவதில்லை.
இதை எப்படிச் சொல்வது என்று நிற்கையில்
மணி அடித்துவிட்டது.

மறுநாள் கல்லூரிச் சாலை, டிபிஐ வளாகம்.
தூங்குமூஞ்சி மரத்தடியில் முத்துராக்கு சார்.
மண்டபத்தில் பதினோரு வருஷம், வேதியியல்.
என் இடத்துக்கு அவர்
அவர் இடத்துக்கு நான்.
வாட்ஸப் குழு ஒன்றில் அகப்பட்டவர்,
முகம் அன்றுதான் பார்க்கிறேன்.

அவர் மனைவிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்,
சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரியில்.
"பொட்டாசியம் எறங்க மாட்டேங்குது மேடம்"
என்றார்,
அடங்காத மாணவனைப் பற்றிச் சொல்வதுபோல.
"உருளைக்கிழங்கைக்கூட ரெண்டு தண்ணி மாத்தி அவிக்கணும்.
மெஷினுக்கும் நம்ம பாடந்தான்,
ஒரு சவ்வு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்."
சிரித்தார். நானும்.

என் காரணத்தை அவர் கேட்கவில்லை.
சொந்த விருப்பம் என்று எழுதினேன்.
கட்டம் சிறியதாக இருந்தது நல்லதாயிற்று.

வீழ்படிவு, வீழ்படிவு என்று
பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியவள்,
அந்தச் சொல்லின் வாலில்
நிரப்பாத படிவம் ஒன்று கிடந்ததை
அன்றுதான் கவனித்தேன்.
இரண்டு பிரதி. நான்கு கையெழுத்து.
மனமொத்த என்கிறது அரசாங்கம்.
மனம் எதுவும் அங்கே வரவில்லை.
ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில்
எங்கள் பெயர்கள் இருந்தன.

மூன்றாம் வாரம் ஆணை வந்தது.

சாவியை ஒப்படைக்கப் போன மதியம்
ஜன்னலோரத் தாங்கியில் அந்தச் சோதனைக்குழாய்.
ஒருவரும் கழுவவில்லை.
வெயில் பட்டுப் பட்டு
வெள்ளை கத்திரிப்பூ நிறமாகி
கண்ணாடியை ஒட்டிக் கறுத்திருந்தது.
வெளிச்சம் போதும் அதற்கு;
வெள்ளி தனியே வந்துவிடும்.
அது வேறு வினை, வேறு பாடம்,
நான் அதுவரை நடத்தவில்லை.

பிரியாது என்று எழுதவைத்தேனே
நாற்பத்திரண்டு நோட்டில்.

கழுவக் கை போனது.
முத்துராக்கு சார் பார்த்தால்
அவருக்குப் புரியும் என்று
அங்கேயே விட்டுவிட்டேன்.

படியிறங்கும்போது தேசப்பன் நின்றிருந்தான்.
பாட்டில் வேண்டுமாம்,
அம்மா கேட்கிறாளாம், லாரி வரும் நேரம்.
மூடி தொலைந்திருந்தது.
மீந்த கடல் வற்றி
உள்சுவரில் உப்பு பூத்திருந்தது,
சோடியமும் குளோரைடும்,
ஒன்றும் நடக்காததுபோல.

குழாயடிக்குப் போய்
இரண்டு முறை அலசி
கவிழ்த்துத் தட்டிக் கொடுத்தேன்.