மூன்றாவது மறுப்பு

செக்காலை ரோட்டில் மாடி அறை.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் டப்பா.
மணி ஒன்று நாற்பது.
புது சர்வரில் சுரங்கம் திறக்கவில்லை.

பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர், தேவகோட்டை.
நாலு கிளையும் காலை ஒன்பதரைக்கு
இந்தச் சுரங்கத்தில்தான்
கிராம் கணக்கைப் பூட்டி அனுப்ப வேண்டும்.
வழியில் எவன் பிரித்தாலும்
அவனுக்குக் கிடைப்பது உமி.

நான் ரூட்.
இந்தப் பெட்டிக்குள் எனக்கு மேல் ஆளில்லை
என்றே பத்து வருஷமாய் நினைப்பு.
சாவிக் கோப்பு என் பெயரில் இருக்கிறது,
படிக்க அனுமதி இருக்கிறது,
இருந்தும் பதிவில் ஒரே சொல்:
மறுக்கப்பட்டது.

முதலாளி வயிரவன் போனில்,
"பழைய மெசின்ல இதெல்லாம் இல்லையேப்பா.
அந்தக் காவலை அமத்திட்டு ஓட்டு.
என் ஆபீஸ்ல என்னையே தடுக்க அது யாரு?"

ஒரே கட்டளை. கடைசியில் ஒரு பூஜ்யம்.
அடித்தேன். என்டரில் விரலை வைத்தேன்.
வைத்தபடியே இருந்தேன்.

கீழே பெட்டகத்தில்
பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.
சீட்டில்லாத சங்கிலியை
முதலாளியே நீட்டினாலும் கேஷியர் உள்ளே வைக்கமாட்டார்.
அதற்காக அவரை யாரும் கோபித்ததில்லை.

பூஜ்யத்தை அழித்தேன்.

முதல் மறுப்பு, சாவி.
என் சொந்த அடைவில் உருவாக்கி
இங்கே நகர்த்தியிருந்தேன்.
நகல் எடுத்திருந்தால் புதுக் குறி விழுந்திருக்கும்.
நகர்த்தியது
பிறந்த வீட்டு இனிஷியல் வெட்டிய சீர்க்குடம் மாதிரி
பழைய குறியோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.
இடத்துக்குரிய குறியை ஏற்ற ஒரு வரி. ஆயிற்று.

இரண்டாவது, கதவு எண்.
வழக்கமான எண்ணை ஊரே தட்டுகிறதென்று
எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு மாற்றியது நான்தான்.
காவலுக்குச் சொல்லாதவனும் நான்தான்.
சொன்னேன்.
சுரங்கம் எழுந்தது.

மூடிவிட்டுப் போயிருக்கலாம்.
சோதனைக்கு என் மடிக்கணினியை உள்ளே விட்டேன்.

மூன்றாவது மறுப்பு.

யாரோ உள்ளே நுழையும் அதே நொடியில்
சுரங்கம் எழுந்து போய்
அடகு வைத்தவர்களின் ஆதார் நகல் அடுக்கிய
அடைவைத் தொடுகிறது.
அங்கே அதற்கு என்ன ஜோலி?

மறுப்புகளை அள்ளிக் கொடுத்தால்
அனுமதியாகத் திருப்பி எழுதித் தரும் கருவி ஒன்று உண்டு.
ஏன் என்று கேட்காது.
மூன்றையும் அதன் கையில் கொடுத்திருந்தால்
இந்நேரம் தூங்கியிருப்பேன்.

பழைய மெசினிலிருந்து அப்படியே இறக்கிய
அமைப்புக் கோப்பு. எழுபத்தொன்றாம் வரி.
கிளை ஒன்று நுழையும்போதெல்லாம்
ஒரு சின்ன நிரலைக் கூப்பிடுகிறது.
ஒன்பதே வரி.
அடைவைச் சுருட்டி
எனக்குத் தெரியாத முகவரிக்கு அனுப்புகிறது.
எழுதிய நாள், நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு.
எழுதிய கணக்கு, வயிரவன்.

அவரேதானா.
அவர் கடவுச்சொல் இந்த மாடியில்
டீ கொண்டுவரும் பையன் உட்பட எல்லோருக்கும் தெரியும்.
பேத்தியின் பெயரும் அவள் பிறந்த வருஷமும்.

நிரலை அழிக்கவில்லை.
ஒரு நகலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
மூன்றாவது மறுப்பை
மறுப்பாகவே விட்டேன்.

ஒன்பது முப்பத்திரண்டு.
புதுவயலிலிருந்து ரெஜினா:
"வந்துருச்சு சார். முதல் சீட்டு.
கல்லு வச்ச தோடு ஒரு சோடி, முக்கால் பவுன்."
திரையின் அடியில்
அதே நொடியில் ஒரு வரி கூடியது.
மறுக்கப்பட்டது.

படியில் செருப்புச் சத்தம்.
"என்னப்பா, சரியாயிருச்சா?"

"சுரங்கம் சரியாயிருச்சு" என்றேன்,
திரையை அவர் பக்கம் திருப்பி.