உள்ளே ஒரு மரை

வால்யூம் குமிழின் காலில்
பல்லிடுக்கு நூலைக் கட்டி
எஃப் துளை வழியே உள்ளே இறக்கினேன்.
செர்ரிச் சிவப்பு கிதார். பாதி கட்டை, பாதி கூடு.
போர்ட் டால்பட் எஃகு ஆலை
என்னை வீட்டுக்கு அனுப்பிய மாதம் வாங்கியது.
டெலித் இன்னும் விலை கேட்கவில்லை.

பிக்கப் இரண்டையும் மாற்றியாயிற்று.
முன்பு வைத்திருந்தவன்
நெஞ்சில் போட்ட ஓட்டைகளை
மெழுகால் அடைத்தேன்.
விற்றால் பாதிதான் தேறும் என்கிறான் கடைக்கார கெத்தின்.
யார் விற்கப்போகிறார்கள்?

மூன்றாம் முறை இழுக்கையில் நூல் அறுந்தது.
விரலிடுக்கில் இருந்த மரை
துளைக்குள் நழுவிற்று.
சமையலறையில், இரவு ஒன்றரைக்கு,
கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன்,
பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரவைப்பதுபோல.
தூசி வந்தது. யாரோ தொலைத்த பிக் ஒன்று வந்தது.
மரை வரவில்லை.

சனிக்கிழமை ரக்பி கிளப்பில் வாசித்தேன்.
எல்லாம் ஒழுங்கு.
ஜி கம்பியைத் தொட்டால் மட்டும்
உள்ளே எதுவோ பல்லை நறநறத்தது.

மறுநாள் கம்பிகளைத் தளர்த்த உட்கார்ந்தேன்.
"இருக்கட்டும் விடு" என்றாள் டெலித்
துணி மடித்துக்கொண்டே.
"எந்த அறையில் இருக்கிறாய் என்று
அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்."