மூன்றாவது சொடுக்கு

நாளை நான்கு மணிக்குக் கரண்ட் போகும் என்று
இன்றே போனில் வந்துவிடும்.
ஆறாம் கட்டம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கம் முழுக்க
ஒரே நொடியில் கண்ணை மூடும்.
எனக்கு ஐந்தரைக்குள் நாற்பது ரொட்டி வேண்டும்,
பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டி, தாளில் மடித்து.
டாக்ஸி ஓட்டுகிறவர்களின் பசி
கட்டம் பார்த்து வருவதில்லை.

ஆகவே இரண்டு பர்னர், ஒரு சிலிண்டர்,
வலது கையில் இது:
சிவப்புப் பிடி, கொக்குக் கழுத்துக் குழல்,
முப்பத்தைந்து ராண்ட்.
வயர் இல்லை, பேட்டரி இல்லை, மாதக் கட்டணம் இல்லை.
உள்ளே பொடிக் கல் ஒன்று இருக்கிறதாம்.
வில் இறுகிச் சுத்தியல் விழுந்தால்
அந்தக் கல் மின்சாரம் கக்குமாம்.
அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.
யாரை நினைத்துச் சொன்னார்களோ,
லைட்டருக்குப் பொருந்துகிறது.
ஜொஹானஸ்பர்க்கில் இருக்கும் என் தம்பிக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
எனக்கு வாசனை தெரியாது.
அந்த ஜூலைக் காய்ச்சலில்
ஆள் பிழைத்தேன், மூக்கு பிழைக்கவில்லை.
கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்தால்
சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.
வெங்காயத்தைக் கண் இறக்கிவைக்கிறது.
உப்பை நாக்கு பார்த்துக்கொள்கிறது.
கேஸ் மட்டும் லேசாகச் சீறும்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பிடித்தால்
அதுவும் கேட்காது.

அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தேன்:
மூன்றாவது சொடுக்கில் பற்றவில்லை என்றால்
குமிழை மூடு. ஜன்னலைத் திற.
இருநூறு எண்ணு.
(நூறு வரைதான் எனக்குத் தமிழில் வரும்,
மிச்சத்தை இங்கிலீஷில் எண்ணி முடிப்பேன்.)

பிப்ரவரி. கடலே எழுந்து வந்து
சுவருக்குள் குடியேறியது போல ஈரம்.
டிக். ஒன்றுமில்லை.
டிக். நீலமாய் ஒரு நூல், நுனியில் சுருண்டு செத்தது.
டிக்.
மூடியிருக்க வேண்டும்.
மணி ஐந்து ஆகப்போகிறது, மாவு பிசைந்தாகிவிட்டது,
கூரையில் யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல் கொட்டுகிறார்கள்.
நான்கு. ஐந்து. ஏழோ எட்டோ.

அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து தெம்பெகிலே கத்தினாள்:
குயானூகா! லோகி, குயானூகா!
நாறுகிறதாம்.
என் அடுப்பு
அவளுக்கு நாறுகிறது.

கட்டைவிரல் அடுத்த சொடுக்கின் பாதியில் இருந்தது.
வில் இறுகிவிட்டது, சுத்தியல் இன்னும் விழவில்லை.
விரலை எடுத்தால் பொறி வருமா, வராதா?
முப்பத்தைந்து ராண்ட் சாமானோடு
அதைச் சொல்லும் தாள் எதுவும் வரவில்லை.
இடது கையால் குமிழை மூடினேன்.
முழங்கையால் கதவைத் தள்ளினேன்.
தூங்கும் பிள்ளையின் விரலைப் பிடித்திருப்பதுபோல
அந்தப் பாதி அழுத்தத்தைப் பிடித்தபடி
முற்றத்து மழையில் போய் நின்றேன்,
இரவு உடையோடு, மாவுக் கையோடு.

அவள் தலையில் பிளாஸ்டிக் பையோடு ஓடி வந்தாள்.
என்னை அல்ல, என் கட்டைவிரலைத்தான் பார்த்தாள்.
போதும், விடு என்றாள்.
விட்டேன்.
வில் மட்டும் முனகித் திரும்பியது.
அழுத்தினால்தான் அடிக்கும், விட்டால் அடிக்காது,
பைத்தியமே, என்று அவளே வாங்கி
ஒருமுறை முழுதாக அழுத்தினாள்.
அந்த மழையில், ஊர் இருட்டில்,
எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா பொறி.

அன்றைக்கு இருபத்தாறு ரொட்டிதான்.
சிங்கம் போட்ட தீப்பெட்டி அவளுடையது.
லைட்டர் நுனியில் பொங்கிக் காய்ந்த பாலைச்
சுரண்டி எடுத்ததும் அவள் நகம்தான்.

இப்போது விடிகாலையில் இரண்டு ஜன்னலும் திறந்தே இருக்கின்றன.
குமிழைத் திருகும் முன் கூப்பிடுகிறேன்.
அவள் மோந்து பார்த்துச் சொல்கிறாள்.
மூக்கு வாடகை தினம் இரண்டு ரொட்டி.
நேற்று, கறியில் உப்பு கம்மி என்றாள்.
நாக்கை நான் வாடகைக்குக் கேட்கவே இல்லை.