3.15 ஆம்பியர், மெதுவாக உருகுவது

பிஸ்பலா குன்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார் இல்மரி,
பனிச்சறுக்கு வண்டியில் பிள்ளையைக் கட்டுவதுபோலக் கட்டி,
இருபத்திரண்டு கிலோ ஆம்ப்ளிஃபையரை.
தாம்பெரேயில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
"செத்துப்போச்சு, ராய்லி."
கடை முழுக்கக் கருகிய வார்னிஷ் வாடை.

மூடியைக் கழற்றினேன்.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
கடைசல் பிடித்த பித்தளைத் துண்டு ஒன்று.
சுற்றிலும் எல்லாம் எரிந்துகிடக்க
அது மட்டும் ஒரு கீறலில்லாமல்,
கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

முதலில் இருந்தது கண்ணாடி ஃபியூஸ், எண்பது சென்ட்.
பிறகு ஜெர்மனியிலிருந்து ஒன்று வரவழைத்தார்:
வெள்ளிக் கம்பி, பீங்கான் உறை, வெல்வெட் பெட்டி,
நூற்றுப் பத்து யூரோ.
சுண்டைக்காய் கால் பணம், பெட்டி முக்கால் பணம்.
உடம்பில் ஓர் அம்புக்குறி வேறு,
மின்சாரம் இந்தப் பக்கமாகத்தான் போகவேண்டுமாம்.
நொடிக்கு ஐம்பது தரம் போய்
ஐம்பது தரம் திரும்பிவருகிற ஒன்றுக்கு
யார் வழிகாட்டுவது?
ஆனாலும் மாட்டிய அன்று
செல்லோ ஒரு முழம் முன்னால் வந்து உட்கார்ந்ததாம்.
வாசிப்பவரின் சட்டைக்கை மரத்தில் உரசுவதுகூடக் கேட்டதாம்.

இரண்டே வாரம். போய்விட்டது.
அது சட்டென்று உருகும் வகை;
ஸ்விட்சைப் போட்ட கணத்தில் பாய்கிற
முதல் வெள்ளத்தைத் தாங்காது.
இன்னொன்று மாட்டினார். அதுவும் போனது.
அப்புறம் யோசித்திருக்கிறார்:
மெல்லிய கம்பிதான் தடை என்றால்
தடையே இல்லாவிட்டால்?
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.
கரும்பலகையில் இது சரியாகத்தான் வரும்.

பித்தளையோடு பதினாறு மாதம்.
"எப்படி இருந்தது?"
"திரை விலகினமாதிரி."

விலகித்தான் இருந்தது.
போன செவ்வாய் உள்ளே ஒரு டயோடு படுத்தது.
வீட்டின் பெரிய ஃபியூஸ் பத்து ஆம்பியர்,
சுவருக்குள் ஓடும் கம்பிகளுக்குத்தான் அது காவல்,
இந்தப் பெட்டிக்கு இல்லை.
தன் வேலையாகச் சாகவேண்டியவன் இடத்தில்
சாகத் தெரியாதவன் நின்றிருந்தான்.
அவர் சவுனாவில் வியர்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும்
இங்கே டிரான்ஸ்ஃபார்மர் வெந்துகொண்டிருந்தது,
தொண்ணூறு வருட மரவீட்டில்.
கூரையிலிருந்த ஐந்து யூரோ புகைக்கருவி அலறியது.
அந்த அறையில் அதுவரை ஒலித்தவற்றில்
ஆகத் தெளிவானது அதுதான்.
மாடியில் தூங்கிய கெர்ட்டுவுக்குக்கூட
வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

மறுபடி சுற்றிக் கட்ட மூன்று வாரம்.
மிச்சமிருந்த மூன்றாவது வெள்ளியை
என் மேசையிலேயே விட்டுப்போயிருந்தார்.
நான் நம்பாதவள்.
இருந்தும் ஒரு ராத்திரி கடையைச் சாத்திக்கொண்டு
இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன்,
அதே இசைத்தட்டு, அதே பக்கம்.
வெள்ளியில் செல்லோ நகர்ந்தது.
சத்தியமாக நகர்ந்தது, ஒரு முழம் இல்லை, ஒரு சாண்.
காது சிவக்க உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பின்னறையில் குளிர்பெட்டி
மறுபடி முனக ஆரம்பித்தது.
செல்லோ பழைய இடத்துக்கே போனது.
எப்போது நின்றிருந்தது அது? நான் கவனிக்கவில்லை.

இல்மரி வந்தார். சோபாவில் நுனியில் உட்கார்ந்து
ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார், கண்ணை மூடி.
"எதைப் போட்டாய்?"
"கண்ணாடி. மெதுவாக உருகுவது. எண்பது சென்ட்."
இந்த ஊர்க்காரர்கள் ஆமோதிப்பதுபோல
மூச்சை உள்ளிழுத்தபடியே 'யோ' என்றார்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இங்கேயே பிறந்த எனக்கும் தெரியாது.
குளிர்பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை.

போகும்போது பித்தளையைக் கேட்டார்.
தயங்கினேன். கொடுத்தேன்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியை இழுத்தபடி மேட்டில் ஏறினார்.
பனி எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்ட தெருவில்
அது சில்லறையோடு இடித்துக்கொள்வது
அடிக்கு அடி கேட்டது,
கதவைச் சாத்திய பிறகும்.