மூன்று நிமிடம்

இடைவேளை மணியடிப்பது என் வேலை.
பத்து நிமிடக் காப்பியைப் பன்னிரண்டாக்கியவர்களைக்
காட்டிக்கொடுத்தவன் என்று
கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.
இன்று மேலாளர் சொன்னார்:
'அந்தப் பெண்ணுக்கு மூன்று. அதற்குமேல் அடித்துவிடு.'

ஈசாஃபியோர்துர் மீன் ஆலையின் உணவுக்கூடம்.
ரப்பர் பூட்ஸ், ஈர ஏப்ரன், காப்பிக் குடுவையின் முனகல்.
ஸ்வான்தீஸின் ஆறு வருடம்
ஒரே படமாகச் சுவரில் நின்றது:
சுண்டுவிரல் நகமளவு காதுக்கல்
கதவகலத்துக்குப் பெருத்து.

முதல் நிமிடம் முன்னுரைக்கே போயிற்று.
'ஐசோடோப்பு' என்றாள்.
பின்வரிசையில் யாரோ பிஸ்கட் உறையைப் பிரித்தார்கள்.
'அதாவது' என்றாள்.
மறுபடியும், 'அதாவது.'
வெளியே பனி கொட்டுகிறது,
அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

சட்டென்று தாளை மடித்துப் பையில் திணித்தாள்.
'காட் மீன் தன் வயதைக் காதில் எழுதுகிறது.
கோடைக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு.
கடல் சுட்ட வருடம்
கோடு கொஞ்சம் தள்ளி நிற்கும்.
நான் அதைப் படிக்கிறவள்.
இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கல்.
போதாது.
காசும் தீர்ந்துவிட்டது.'

காசு என்ற சொல்
எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு நிமிடம் நாற்பது.
தலை வெட்டும் வரிசையிலிருந்து பொஷேனா கையுயர்த்தினாள்,
கையுறையைக் கழற்றாமலே.
போலந்திலிருந்து வந்து பத்தொன்பது வருடம்,
கூட்டங்களில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.
'எங்கே இருக்கிறது இந்தக் கல்?'
ஸ்வான்தீஸ் தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள்.
'தலைக்குள்ளா?'
'தலைக்கு இரண்டு.'

பொஷேனா சிரித்தாள்.
'ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் தலை வெட்டுகிறேன்.
எல்லாம் அந்த நீலத் தொட்டிக்குப் போகிறது.
பிறகு காய்ந்து, மூட்டையாகி,
நைஜீரியாவுக்குக் கப்பலேறுகிறது.'

ஒரு கணம் யாரும் பேசவில்லை.
லாகோஸில் யாரோ ஒருவர்
குழம்புக்கு நடுவே பல்லில் இடறியதைத்
தட்டோரம் துப்புகிறார்,
ஒரு கோடை, ஒரு குளிர், ஒரு கோடை.

மூன்று நிமிடம் ஐந்து.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
நான் குடுவையைப் பார்த்தேன்.
மூன்று முப்பது.
அவர் தொண்டையைச் செருமினார்.
அடித்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.
பொஷேனா மட்டும் எழுந்து போனாள்,
கத்தி எடுத்துவர.