நான்காவது வாரத்துத் தாள்

வலங்கைமான் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும்.
தார்ச்சாலையில் காயப்போடுவார்கள்.
இரவில் பனி இறங்கும்,
காலையில் மறுபடி பதினெட்டு.

வீட்டில் இன்னொரு ஈரமானி, பீரோவுக்குள்.
அது பார்ப்பது நெல்லை அல்ல.
சார்ல்ஸ்டன் என்னும் ஊரில்
இருநூற்று முப்பத்தைந்து வருடம் முன்பு அச்சான
மூன்று செய்தித்தாள்களை.

ஒன்று தீபாவளி முன்பணம்.
ஒன்று பி.எஃப். கடன்.
மூன்றாவதற்கு எதை விற்றேன் என்று
வசுமதிக்கு இன்றுவரை தெரியாது.

யுத்தம் முடிந்த தாள், தலைவர் செத்த தாள் எல்லாம்
பெரிய கைகளுக்குப் போய்விடும்.
எனக்குக் கட்டுப்படியாவது
செய்தியே இல்லாத வாரங்கள்:
கப்பல் வந்தது. வெண்ணெய் விலை. குதிரை காணோம்.

நம் தினசரி ஒரே வாரத்தில்
வடை மடித்த நிறத்துக்கு வந்துவிடுகிறது.
இது கந்தல் துணியை ஊறவைத்து இடித்த தாள்.
உதறினால்
கஞ்சி போட்ட வேட்டியின் சத்தம்.

அந்தக் காலத்து எஸ் எழுத்து, எஃப் மாதிரி இருக்கும்.
'சேல்' என்றிருந்ததை
'ஃபேல்' என்று படித்துவிட்டேன்.
கீழே வரிசையாகப் பெயர்கள், எதிரே வயது.
தேறாத பிள்ளைகள் என்றே
இரண்டு நாள் நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் மூன்றாம் பக்க மூலையில் அவன்.
பெயர் கஃபி. இருபத்துநாலு வயது.
இடது சுண்டுவிரலில் பாதி இல்லை.
தலையில் நீலக்கட்டம் போட்ட மதராஸ் கைக்குட்டை.
நெல் வேலை அறிந்தவன்,
மடை திறக்கவும் அடைக்கவும் வல்லவன்,
ஓடிவிட்டான்.
பிடித்துத் தருபவருக்குப் பத்து பவுன்.

அடுத்த வாரமும் அதே.
அதற்கடுத்த வாரமும் அதே,
ஓர் எழுத்துகூட மாறாமல்.

மடை வேலை தெரிந்தவன்
தண்ணீரோடு போயிருப்பான், எதிர்த்து அல்ல.
சேற்றில் கால் வைத்தால்
குதிகால் முதலில் வைத்திருக்க மாட்டான்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நான்காவது வாரத்துத் தாள் ஏலத்துக்கு வந்தது.
விடியற்காலை மூன்று மணி,
மின்சாரம் இல்லை, கைப்பேசியில் நாலு சதவீதம்.
எதிரே யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார்.
வசுமதியின் சீட்டுப் பணத்தைத் தொட்டேன்.

நாற்பது நாள் கழித்து வந்தது,
தபால் உறையில் மழை பட்டு, உள்ளே படாமல்.
மூன்றாம் பக்கம். அதே மூலை.
பத்து பவுன் இருபதாகியிருந்தது.

அன்று சுமைதூக்குபவர்கள் பதினோரு பேருக்கும்
டீயும் மெதுவடையும் வாங்கிக் கொடுத்தேன்.
"என்ன சார், பிரமோஷனா?" என்றார் லூர்துசாமி.
"இல்லப்பா. ஒருத்தன் இன்னும் ஆப்பிடல."
"போலீஸ் கேஸா?"
"பழைய கேஸ்."
"ஓடட்டும் சார்," என்று
வடையைப் பிட்டார்.

ஐந்தாவது வாரத்துத் தாள்
எங்குமே பிழைத்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார் விற்றவர்.
வெளியே ஐப்பசி அடித்து ஊற்றுகிறது.
தார்ப்பாய்க்கடியில் அறுநூறு மூட்டை.
வசுமதி சீட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.
பீரோவைத் திறந்து பார்க்கிறேன்:
அறுபத்தொன்று.